நான்காவது வரி

அவள் கையைத் தூக்கினாள்.

பலகையின் முன்னால் நின்றிருந்த குழுவின் மாணவச் செயலாளரின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. நிரூபணத்தை எழுதி முடித்து, அடியில் கோடு கிழித்து, மார்க்கருக்கு மூடியும் போட்டாயிற்று. இனி யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் நின்றிருந்தான்.

"சொல்லு முமு," என்றான்.

பல்கலைக்கழகத்தின் கணிதப் போட்டிக் குழுவில் அன்று கடைசித் தேர்வு. மூன்று பேர் கொண்ட அணியில் அவளுடைய இடம் ஏற்கெனவே உறுதி. இரண்டாவது இடமும் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றுக்குத்தான் அவன் எழுதியிருந்தான்.

இறுதியாண்டு. இனி இன்னொரு போட்டி அவனுக்கு இல்லை. இடம் கிடைத்துவிட்டதாகக் காலையிலேயே அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால், அப்பா சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

பலகைச் சுற்றுக்கு ஒரே ஒரு விதிதான். எழுதியவன்தான் எழுதியதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். யாரும் கேள்வி கேட்கலாம்; ஆனால் நேரம் முடியும்வரை அவனுக்கு உதவ யாரும் வாயைத் திறக்கக் கூடாது, பேராசிரியை உட்பட. போட்டியில் தாளைத் திருத்துகிறவர் வீடு தேடி வந்து விளக்கம் கேட்க மாட்டார் என்பார் அவர்.

அவள் எழுந்து போய் நான்காவது வரியின் மேல் விரலை வைத்தாள்.

"ஏன்?"

அவ்வளவுதான். வழக்கமாகக் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் 'அண்ணா' இல்லை.

முடிவில்லாமல் நீளும் எண்களை அந்த வரியில் அவன் வரிசை மாற்றிக் கூட்டியிருந்தான். சில கணக்குகளில் அப்படிச் செய்தால் விடையே கவிழ்ந்துவிடும். சிலவற்றில் ஒன்றும் ஆகாது. எது எந்த ரகம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

"ஏன்னா... மாத்தலாம்," என்றான். பிறகு அறையைப் பார்த்து, "மாத்தலாம்ல?" என்றான்.

பெஞ்சுகளில் எல்லாரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மூடியைத் திறந்து ஏதோ எழுதினான். உள்ளங்கையாலேயே அழித்தான். கை முழுக்க நீலமானது. காதுமடல் சிவந்தது. எத்தனையோ முறை செய்த கணக்குதான். ஆனால் அவள் விரல் அந்த வரியை விட்டு நகராமல் இருக்க இருக்க, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது.

அவளுக்கு அது போதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றிருந்தது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். முதலாண்டில் இதே பலகையின் முன்னால் அவள் எழுதிய நிரூபணத்தை விளக்க நின்றபோது, முக்கோணம் என்று சொல்ல வந்து, "மு... மு..." என்று நின்றுவிட்டாள்.

"முத்தமா? எல்லார் முன்னாடியுமா?" என்று பெஞ்சிலிருந்து கேட்டவன் இவன்தான்.

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. அதற்குள் அவள் பலகையை அழித்துவிட்டு இடத்துக்குப் போயிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் முமு. காரணம் தெரியாத புதுப் பிள்ளைகள்கூட 'முமு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் பாசமாக.

அவனுக்கு அதெல்லாம் மறந்தே போயிருந்தது. பரீட்சை சமயத்தில் அவளுக்குப் புத்தகம் வாங்கிக்கொடுத்திருக்கிறான், சந்தேகம் தீர்த்துவைத்திருக்கிறான். மறந்துவிட்டான் என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

'ஏன்' என்ற சொல்லை அவள் யோசித்துத்தான் எடுத்திருந்தாள். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் அவளைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை.

பேராசிரியையின் போன் அலறியது. நேரம் முடிந்தது.

"இது தேறாது மேடம்," என்றான் அவன். அவனே டஸ்டரை எடுத்து மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் அழித்தான். பையைக்கூட எடுக்காமல் வெளியே போனான். மூன்றாவது இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒருத்திக்குப் போனது. அந்தப் பெண்ணாலேயே அதை நம்ப முடியவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு பேராசிரியை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"அவன் எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. அங்க இருந்தது எல்லாமே பாசிட்டிவ் நம்பர்ஸ். எந்த வரிசையில கூட்டினாலும் ஒண்ணுதான். அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்."

"ஆமா மேடம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சுது?"

"கை தூக்குறதுக்கு முன்னாடியே."

பேராசிரியை அழிந்த பலகையைப் பார்த்தார். "நம்ம டீம்தானேம்மா வீக்காச்சு? அவன் தவிச்சதப் பார்த்துட்டு எப்படி உனக்குச் சும்மா நிக்க மனசு வந்துச்சு?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கியது. அவள் வேறு சுலபமான சொல்லைத் தேடிப் போகவில்லை. அது வரும்வரை பேராசிரியையின் கண்ணைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். அவரும் நிற்க வேண்டியிருந்தது.

"மு... மு... முதல் வருஷம், நான் இங்க நின்னப்ப, நீங்க இதே கடைசி பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தீங்க மேடம்."

அவர் திரும்பி அந்த பெஞ்சைப் பார்த்தார்.

"நீங்களும் சிரிச்சீங்க."