பூஜ்ஜிய நாள்

“அந்த ஆளு இன்னிக்குச் சாகக்கூடாதும்மா,” என்றார் சுகாதார இயக்குநர் போனில். “சாயங்காலம் சாவு பூஜ்ஜியம்னு அறிவிக்கப் போறோம். டிவிக்காரங்க வந்து உக்காந்தாச்சு.”

டாக்டரம்மாவால் தன் காதையே நம்ப முடியவில்லை. கொள்ளைநோய் வார்டுக்கு வந்த நாள் முதல், ஒரு நோயாளி சாகக்கூடாது என்று மேலிடம் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

வழக்கமாக வருவது வேறு உத்தரவு. இறந்தவருக்குச் சர்க்கரை இருந்ததா? சர்க்கரையால் செத்தார் என்று எழுது. இதயம் பலவீனமா? மாரடைப்பு. ஊரில் கொள்ளைநோயைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த பஸ் டிரைவரோ எந்த ஒத்துழைப்பும் தருவதாக இல்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட்கூடக் குடித்ததில்லை. செத்தால் கொள்ளைநோயால்தான் சாவார்.

“மெஷின் வந்தா காப்பாத்திடலாம் சார்.”

வந்தது.

மாதக்கணக்கில் கெஞ்சியும் வராத மூச்சு மெஷின், போனை வைத்த சூட்டோடு வந்தது. பெரிய மனிதர் யாருக்காவது நோய் வந்துவிட்டால் வேண்டுமே என்று மேல்மாடியில் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்களாம். ஒரு பக்கத்தை ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரே தூக்கிக்கொண்டு வந்தார். மருந்துக் கிடங்கின் தொலைந்துபோன சாவி, தொலைத்தவர் பாக்கெட்டிலேயே கிடைத்தது. நுரையீரல் நிபுணர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார்.

“யாரு டாக்டர் இவரு? மந்திரிக்கு மாமனாரா?” முகக்கவசத்தை மாட்டிக் குழாயைப் பொருத்திக்கொண்டே சிஸ்டர் கிசுகிசுத்தாள்.

“அதுக்கும் மேல. இன்னிக்கு அந்தப் பூஜ்ஜியமே இவருதான்.”

திரையில் ஆக்ஸிஜன் எண் ஏறியது. எழுபத்தெட்டு. எண்பது.

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் தாங்கள் மூச்சுவிடுவதை மறந்துவிட்டிருந்தார்கள்.

எண்பத்தைந்து.

தொண்ணூறைத் தொட்டதும் கண்காணிப்பாளர் கைதட்டினார். பிறகு, நல்ல பெயரை வேறு யாரும் தட்டிக்கொண்டு போவதற்குள் வெளியே ஓடினார்.

மறுபடி போன். இயக்குநர் குரலில் கல்யாணக் களை.

“நல்ல சேதிம்மா. அந்த பஸ் டிரைவர் முந்தாநாளே நம்ம சாவுக் கணக்குல ஏறியாச்சு. பக்கத்துக் கட்டில்காரர் செத்ததுக்கு இவரு பேரை மாத்திப் போட்டுட்டாங்க. இனிமே இவரு எப்பச் செத்தாலும் கணக்குல புதுசா ஒண்ணும் ஏறாது. கவலையே வேண்டாம், மெஷினை மேல அனுப்பிடுங்க.”

டாக்டரம்மா குழாயைப் பார்த்தாள். பிடுங்கினால் மனிதர் சாயங்காலம் தாண்டமாட்டார்.

“அது வேற ஆளு சார். இவரு லாரி டிரைவர்.”

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று நீளமாக வந்தது. “அப்படியா? அப்ப விட்றாதீங்கம்மா. கெட்டியாப் பிடிச்சுக்கங்க. ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க.”

கட்டிலில் ஒரு கை அசைந்தது. காலையிலிருந்து கண்ணே திறக்காத மனிதர் முகக்கவசத்தை மெல்ல விலக்கினார். முப்பது வருஷ சர்வீஸ் அவமானப்பட்ட கோபம் முகத்தில் தெரிந்தது.

“லாரி இல்லம்மா… பஸ்.”

டாக்டரம்மா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

“மெதுவாப் பேசுங்கய்யா. நீங்க செத்து ரெண்டு நாளாச்சு.”