மிஸ்ஸியின் பங்கு

அழகாயி சோற்றுப் பெட்டியைத் திறந்து, பாதியை மூடியில் தள்ளி, ஷிரானிக்கு முன்னால் வைத்தாள்.

தாதியர் அறையில் வேறு யாரும் இல்லை. ஷிரானி சில நாளாகவே மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவதில்லை. வார்டைக் கூட்டித் துடைக்கும் அழகாயிதான் அதை முதலில் கவனித்தாள்.

பங்கு வாங்கும் ஆசையை அந்த ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தவள் தாதி ஷிரானி; அழகாயிக்கு அவள் ‘மிஸ்ஸி’. கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனி. அதன் பங்கு விலை ஏறிக்கொண்டே போனது. ஷிரானி ஸ்கூட்டர் வாங்கினாள்.

அதைப் பார்த்துத்தான் அழகாயி, இறந்துபோன கணவனின் சம்பளத்தில் சேர்ந்திருந்த சேமலாப நிதிப் பணத்தை அப்படியே கொண்டுவந்து நீட்டினாள். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள். ஷிரானியே அவளுடைய ஃபோனில் கணக்குத் திறந்து கொடுத்தாள்.

ஆறு மாதத்தில் பணம் மூன்று மடங்கானது. தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் அழகாயி வீட்டுக்கு அத்திவாரம் போட்டாள். கல் வைத்த மறுநாள் வார்டு முழுக்க கேக் கொடுத்தாள்.

பிறகு, கம்பனிக் கணக்கில் புரட்டு என்று செய்தி வந்தது. ஒரே வாரத்தில் விலை தரைக்கு இறங்கியது.

அத்திவாரக் குழியில் இப்போது மழைத்தண்ணீர் நிற்கிறது.

அழகாயி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஷிரானி வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்குக்கூடப் போவதில்லை என்று கேள்விப்பட்டு, அவளுக்காக முத்துமாரியம்மனுக்கு நேர்ந்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

“என் காசு போனா நான் ஒழைச்சுப் பொழைச்சுக்குவேன். ஒங்களுக்குத்தான் மிஸ்ஸி பெரிய நட்டம். மொதல்ல சாப்புடுங்க.”

ஷிரானி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

அதற்குள் அழகாயி கருவாட்டுத் துண்டை எடுத்து மூடியிலிருந்த சோற்றின் மேல் வைத்தாள். பெட்டியில் இருந்ததே அந்த ஒரு துண்டுதான்.

ஷிரானி சாப்பிட்டாள்.

போனது அழகாயியின் பணம் மட்டும்தான்.

விலை உச்சத்தில் நின்ற ஒரு வியாழக்கிழமை, மனதில் ஏதோ பயம் தட்ட, ஷிரானி தன்னுடைய பங்குகளையெல்லாம் காலையிலேயே விற்றுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அழகாயி வந்து, இப்போது விற்றுவிடலாமா என்று கேட்டாள். விற்கச் சொல்லி, நாளைக்கு விலை இன்னும் ஏறிவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஷிரானிக்குத் தோன்றியது.

“பொறுங்க அழகாயி, இன்னும் ஏறும்” என்றாள்.