வழுக்காத தரை

அந்தப் போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம் தரைக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. விசாரணைக்கு வந்த இன்னொருவன் கையில் மாவுக்கட்டோடு வெளியே போகிறான். கேட்டால், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானாம்.

“உன்கிட்ட தண்ணி கடைசியா எப்ப வந்துச்சு?” என்று குழாயைக் கேட்டது தரை.

“பொங்கலோட நின்னு போச்சு.”

“அப்புறம் எதுலடா வழுக்குறானுங்க? அவன் இந்தப் பக்கமே வரலையே. லத்தியண்ணே, நீங்கதான கூடவே இருந்தீங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?”

கதவோரம் சாய்ந்திருந்த லத்தி, “நான் வாயைத் திறந்தா நல்லா இருக்குமா தம்பி?” என்றது.

வெளியே பேச்சு பெரிதாகி, மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து விசாரித்தார்கள். தரையில்தான் கோளாறு என்று முடிவாயிற்று. அதன்மேல் சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டினார்கள். ‘சனியன் தொலைந்தது, இனி யாரும் நம்மைச் சொல்ல முடியாது’ என்று தரையும் நிம்மதியானது.

மறுவாரமே ஒருவன் காலில் மாவுக்கட்டோடு போனான்.

“இப்ப என்ன சொல்வீங்க?” என்று சீறியது தரை. “எண்ணெயைக் கொட்டினாக்கூட என் மேல வழுக்காது.”

“வழுக்கினான்னு யார் சொன்னா?” என்றது, உடம்புச் சூடு இன்னும் ஆறாத லத்தி. “உன் சொரசொரப்பு தடுக்கியில்ல விழுந்தான்.”