மூலையில் மார்ச் மாதம்

“சுத்துது, சுத்துது, அப்புறம் நின்னுருது. ஞாயித்துக்கெழமையிலருந்து இதே கூத்து,” என்றாள் பிரின்சி. “வைரஸ் எதையாச்சும் தின்னுருச்சா ஷெரின்?”

“அது என்ன எலியா மதினி?”

“எலின்னா நானே பொறி வச்சிருப்பேனே. ஒன்னிய எதுக்கு தேனியிலருந்து வரச் சொல்றேன்?”

ஷெரினுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் ஒரு சிவப்புக் கேடயம், அதன் நடுவே பெருக்கல் குறி. பாதுகாப்புச் சேவையைத் தொடங்க முடியவில்லை.

அது அவள் அப்பாவின் கணினி. ஆரோக்கியசெல்வம் வாத்தியார் ஓய்வுபெற்ற பிறகு ஒற்றை விரலால் தமிழ்த் தட்டச்சு பழகி, காமயகவுண்டன்பட்டியில் பாதிப் பேருக்கு மனு அடித்துக் கொடுத்தது இதில்தான். மே மாதம் அவர் இறந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குள் ஒரு உயில் கிடைத்தது. கண்டெடுத்தது அவள் அண்ணன், பிரின்சியின் கணவன் ஜஸ்டின். அப்பா மார்ச்சில் அடித்து வைத்தது என்றான். திராட்சைத் தோட்டம் முழுவதும் மகனுக்கு. மகளின் பெயர்கூட அதில் இல்லை.

கையெழுத்து இல்லை, சட்டத்துக்குச் செல்லாது. ஷெரின்தான் சட்டம் வேண்டாம் என்றாள். அப்பாவே எழுதியிருந்தால் பாதித் தோட்டம் கேட்டு வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாளைக் காலை சர்ச் பங்குச்சாமி முன்னால் கணினியைத் திறந்து காட்டுவதாகப் பேச்சு.

சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டம் போகட்டும். அப்பா தன்னை எங்கே தொலைத்தார் என்றுதான் தெரியவில்லை.

“அவுகளுக்குத் தெரியாமத்தான் ஒன்னியக் கூப்பிட்டேன்,” என்றாள் பிரின்சி. “மருந்தடிக்கப் போயிருக்காக. மாமா எழுதி வச்சதை நாமளே அழிச்சிட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாரு.” டீ போட உள்ளே போனாள்.

ஷெரின் தேனியில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். இதுபோல எத்தனையோ பார்த்தாயிற்று. அணைத்துப் போட்டாள். சேவையைக் கையால் தொடக்கினாள். சக்கரம் சுற்றியது, நின்றது. மறுபடி கேடயம். இணையத்தில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

வெளியே காற்று தென்னை மட்டைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

கோப்பு அழிந்துபோனால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவே பயந்து, அவசரமாக ஆன்டிவைரஸின் பதிவேட்டைத் திறந்தாள். பிழைகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி.

உரிமம் இன்னும் தொடங்கவில்லை.

அந்த உரிமத்தை அப்பாவுக்காக வாங்கிப் போட்டவள் அவள்தான். ஏப்ரலில். இப்போது ஆகஸ்ட்.

அப்போதுதான் திரையின் கீழ்மூலையைப் பார்த்தாள். கடிகாரம் மார்ச் மாதத்தைக் காட்டியது.

பேட்டரி செத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பேட்டரி செத்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய், ஏதாவது ஒரு ஜனவரி முதல் தேதியில் விழுந்து கிடக்கும். இது இந்த வருஷத்து மார்ச். நொடி தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

உயிலைத் திறக்காமல், அது உருவான தேதியை மட்டும் பார்த்தாள். மார்ச்தான். கடிகாரம் காட்டிய அதே வாரம்.

ஷெரின் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கடிகாரத்தில் அப்பா இன்னும் உயிரோடு இருந்தார். ஆனால் இந்த வீட்டில் இல்லை. தேனியில் அவள் வீட்டில், கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். செல்போன் வெளிச்சம்கூடக் கண்ணில் குத்துகிறது என்று திருப்பி வைக்கச் சொன்னார். செய்தித்தாளை அவள்தான் வாசித்துக் காட்டினாள். இறந்தவர்கள் விளம்பரத்தை விட்டுவிட்டால், அதையும் வாசி ஆத்தா என்பார்.

அந்த வாரம் ஜஸ்டின் ஊரிலேயே இல்லை. திராட்சை லோடோடு கோட்டயம் போயிருந்தான். அதனால்தான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொன்னான் என்று யாரும் சொல்லிவிடாதபடி. அவன் இல்லாததால்தான் அப்பா தேனிக்கு வந்தார் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அப்பா அவளை எங்கேயும் தொலைத்திருக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அம்புக்குறியைக் கடிகாரத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு சொடுக்கு. தேதி சரியாகும், உரிமம் தொடங்கும், கேடயம் பச்சையாகும்.

வாசலில் பைக் நின்றது.

“ஏங்க, இங்கன யாரு வந்திருக்கா பாருங்க,” என்று அடுப்படியிலிருந்து பிரின்சியின் குரல் கேட்டது. “கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் ஓட மாட்டேங்குதுன்னு நாந்தான் வரச் சொன்னேன்.”

ஜஸ்டின் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. முழங்கைவரை, திராட்சைக்கு அடித்த மயில்துத்தத்தின் நீலம். எங்கேயும் பட்டுவிடாமல் இரண்டு கைகளையும் தள்ளிப் பிடித்திருந்தான்.

திரையின் நடுவில் அவ்வளவு பெரிதாக இருந்த சிவப்புக் கேடயத்தை அவன் பார்க்கவில்லை. மூலையைத்தான் பார்த்தான்.

ஷெரின் இன்னும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

உள்ளே டம்ளர்கள் உரசும் சத்தம் நெருங்கி வந்தது. ஜஸ்டின் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சரிபண்ணு ஆத்தா, வேணாங்கல. அந்தத் தேதியை மட்டும் தொடாத, உயிலோட தேதியும் மாறிரும். நாளைக்கு ஒரு நாளு.”