ஹோட்டல் முற்றத்துக் கூடாரம்

ஹோட்டல் முற்றத்தில் கூடாரம் போட்டு, உள்ளே ஏ.சி. வைத்திருந்தார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மொராக்கோவின் காசாபிளாங்காவிலிருந்து வந்து குடியேறியவள். இன்றைக்கு மட்டும் அவளும் எங்களைப் போல இந்தப் பாலைவனத்து மண்ணின் சஹ்ராவி. உடம்பைச் சுற்றிக் கட்டுகிற மெல்ஹ்ஃபாவைத் தோளில் முடிச்சுப் போடாமல் ஊக்கு குத்தியிருந்தாள். மெல்ஹ்ஃபாவுக்கு ஊக்கு குத்துகிற பெண்ணை எங்கள் எல் அயூன் ஊரில் எந்தத் தாயும் பெறவில்லை.

மகாராணிக்கு நுரை வர டீ ஆற்றவும் தெரியாது. அதனால்தான் நிஜமான சஹ்ராவி ஒருத்தி தேவைப்பட்டு, என்னை ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"மனித உரிமை விசாரிக்கப் பெரிய மனுஷர் வர்றார்," என்றான் கவர்னர் அலுவலக அதிகாரி. "சந்தோஷமா இருக்கோம்னு சிரிச்ச முகமா சொல்லும்மா. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் திங்க உன் பையன் வீட்ல இருப்பான்."

என் பையன் லெஹ்பிப் செய்த குற்றம், இந்த நாடு யாருக்கு என்று எங்களிடமே ஓட்டெடுப்பு நடத்துங்கள் என அட்டையில் எழுதித் தெருவில் நின்றது. உலகமே வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோன ஓட்டெடுப்புதான்.

பெரிய மனுஷர் வந்தார். மாத்ரிட்காரர். வாசலில் நின்று, மகளின் பிறந்தநாள் கேக் பற்றி போனில் ஸ்பானிஷில் பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

இந்த மண்ணை எழுபத்தைந்தில் மொராக்கோவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடிய ஸ்பெயின்காரன், உருப்படியாக விட்டுப்போனது அந்த மொழி ஒன்றைத்தான். என் வயதுக்காரர்கள் அதில்தான் பள்ளிக்கூடம் படித்தோம். அதிகாரிக்கும் அவனுடைய மொழிபெயர்ப்பாளனுக்கும் அதில் ஓர் எழுத்துத் தெரியாது. ஜீப்பில் வரும்போதே இருவரையும் ஸ்பானிஷில் "பன்றிகளே" என்று கனிவாக அழைத்துப் பார்த்தேன். இரண்டும் பல்லைக் காட்டின.

முதல் சுற்று டீயில், சொல்லிக் கொடுத்ததை எங்கள் மொழியில் ஒப்பித்தேன். மொழிபெயர்ப்பாளன் பூரித்துப்போனான்.

இரண்டாவது சுற்றில், அதே சிரிப்போடு, விருந்தாளியை உபசரிக்கிற குரலில், ஸ்பானிஷில் சொன்னேன்.

"ஐயா, என் புள்ளையை ஜெயில்ல போட்டு விரலையெல்லாம் ஒடிச்சிருக்காங்க. பேரு லெஹ்பிப். நீங்க நேர்ல பாக்கணும்னு கேட்டா இவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது. அவனைக் காப்பாத்துங்க."

கிளாஸ் அவர் உதட்டுக்குப் போகாமல் நின்றது. காது இரண்டும் சிவந்தன. ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருந்தது.

பிறகு கிளாஸைக் கீழே வைத்தார். மொழிபெயர்ப்பாளன் பக்கம் திரும்பி, அழகான பிரெஞ்சில் கேட்டார்.

"இந்தம்மா என்ன சொல்றாங்க?"

இவர்கள் ஆபீஸ் வாசலில் வருஷக்கணக்காக நின்றதில் அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் வரும்.

மொழிபெயர்ப்பாளன் திருதிருவென்று விழித்தான். அதிகாரி முறைப்பதைப் பார்த்ததும் எதையோ அவிழ்த்துவிட்டான்.

"சர்க்கரை போதுமான்னு கேக்குறாங்க."

போதும் என்றார் பெரிய மனுஷர்.