புகார்ப் புத்தகத்தின் முதல் பக்கம்

‘எட்டு மணி என்றால் இந்த ஆளுக்குப் பதினொன்று போலிருக்கிறது. சேற்றுப் பூட்ஸோடு என் கம்பளத்தை ஒரு சுற்று சுற்றினார். சுவிட்சை விளக்குகிறேன் என்று ஒரு மணி நேரம் பேசினார். ஒன்றும் புரியவில்லை, பயத்தில் இன்றுவரை அதைத் தொடவே இல்லை.’

எழுத எழுத டென்சில் ட்ரெகெனாவுக்கு ரத்தம் கொதித்தது. இப்படிப்பட்டவனை ஊருக்குள் விட்டதே தப்பு என்று பல்லைக் கடித்தார். அந்த ஆள் தான்தான் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ரெட்ரூத் வட்டாரத்தில் வீட்டுக் கூரைகளில் சோலார் பலகை மாட்டுவது அவர் தொழில். சான்றிதழைப் புதுப்பிக்க மறுநாள் தணிக்கை அதிகாரி மிஸ் ஆஷ்வொர்த் வருகிறார். சான்றிதழ் போனால், இனி அவர் மாட்டும் பலகையின் உபரி மின்சாரத்தை எந்த நிறுவனமும் வாங்காது. அவரையும் யாரும் கூப்பிட மாட்டார்கள். பழையபடி கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலையை அள்ளப் போக வேண்டியதுதான்.

ஒயர், பலகை, வரைபடம் எல்லாம் விதிப்படி இருந்தன. புகார்ப் புத்தகம் மட்டும் ஐந்து வருடமாக வெள்ளைவெளேரென்று கிடந்தது. அதை அவர் பெருமையாகக் காட்டியபோது மனைவி மொர்வெனா உதட்டைப் பிதுக்கினாள்.

“ஒரு குறைகூட இல்லாத ஆளுன்னா, கட்டிக்கிட்ட நானே நம்ப மாட்டேன். அந்தம்மா நம்புவாங்களா? புகாரை மறைக்கிறோம்னுதான் நினைப்பாங்க.”

ஆகவே ஒரு புகார் தேவைப்பட்டது. இதே தொழில் செய்யும் மற்ற ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்ட குற்றங்களையெல்லாம் திரட்டித் தன் தலையில் போட்டுக்கொண்டார். இல்லாத பெயரைப் போட்டால் வாடிக்கையாளர் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், திருமதி ஆங்கோவ் பெயரைப் போட்டார். எப்போது கேட்டாலும் “ஒரு குறையும் இல்ல ராசா” என்கிற அம்மாள் அவர். இப்போதெல்லாம் டென்சிலின் வண்டியைக் கண்டதுமே குங்குமப்பூ பன்னை வாசலுக்கே கொண்டுவந்து கையில் திணித்து அனுப்பிவிடுவார். அவ்வளவு பாசம்.

‘எடுத்த நடவடிக்கை’ என்ற கட்டத்தில், ‘வியாழக்கிழமை நேரில் போய்ச் சரிசெய்யப்படும்’ என்று எழுதிப் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் மிஸ் ஆஷ்வொர்த் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். தன்மீது வந்த புகாரை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தவரை இதுவரை பார்த்ததில்லை என்று பாராட்டினார். டென்சில் அடக்கமாகத் தலைகுனிந்தார். நிமிர்ந்து பார்த்தபோது அதிகாரியின் கையில் போன் இருந்தது. திருமதி ஆங்கோவின் வீட்டு எண் ஒலித்துக்கொண்டிருந்தது.

பொய்ப் பதிவு என்று தெரிந்தால் சான்றிதழ் அந்த நிமிடமே போய்விடும். யோசனை சொன்ன மொர்வெனாவோ தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்குள் நழுவிவிட்டாள்.

மிஸ் ஆஷ்வொர்த் ஸ்பீக்கரைப் போட்டு, டென்சிலின் புத்தகத்தில் இருந்த புகாரை வரி விடாமல் வாசித்தார். இதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார்.

“அத்தனையும் நெசந்தாம்மா,” என்றார் திருமதி ஆங்கோவ். “ஆனா நான் யாருகிட்டயும் மூச்சு விடலையே, அந்த மனுஷனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”