மயக்கம் தெளியும் நேரம்

அப்பாவின் இமைகள் அசையவில்லை.

பித்தப்பைக் கற்களை எடுத்தாயிற்று, எல்லாம் நல்லபடி என்று தாதி சொல்லிவிட்டுப் போனார். மருத்துவபீடத்துப் பிள்ளை என்பதால் கஜந்தினியை உள்ளே விட்டிருந்தார்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அவள் அப்பா சோமசேகரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையில் மயக்க மருந்து வைத்தியர் ரேச்சலிடம் கெஞ்சியிருந்தாள்.

"டொக்டர், அப்பான்ரை ஈரல் முழுக்கக் கொழுப்பு. அந்த மயக்க வாயு மட்டும் வேண்டாமே."

ரேச்சல் அவள் தோளைத் தொட்டார். "எலியளிலை பாத்ததை அப்பாவிலை பாக்காதேங்கோ. உந்த வாயுவைத்தான் நாங்கள் எல்லாருக்கும் குடுக்கிறம். பயப்பிடாதேங்கோ."

எலிகளில் பார்த்ததை எப்படி மறப்பது?

ஆய்வுகூடத்தில் அவள் கொழுப்பூட்டி வளர்த்த எலிகள் அவை. ஈரலைக் காக்கும் நொதியங்கள் அவற்றில் ஏற்கெனவே குறைந்திருந்தன. அதே வாயுவைச் சுவாசித்தபின் இன்னும் கீழே போயின. மெலிந்த எலிகளின் ஈரல் தாங்கிக்கொண்டது. கொழுத்தவற்றின் ஈரல் தாங்கவில்லை.

மனிதருக்கும் அப்படி வருமா என்று அவளுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. மகள் எலி வளர்த்துப் பட்டம் வாங்கப் போகிறாள் என்று சுன்னாகம் சந்தையில் மரக்கறி விற்றபடி ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர்.

கன்னத்தைத் தட்டினாள். குளிர்ந்திருந்தது.

இமையை மெல்ல உயர்த்தி, வெண்விழியில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தாள். இவ்வளவு விரைவில் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தாள்.

நெஞ்சு ஏறி இறங்கியது. அது அவளுக்குப் போதவில்லை. எலிகளுக்கும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

"அப்பா... அப்பா..."

இமை துடித்தது. அவர் கண்ணைத் திறந்தார். எங்கே கிடக்கிறோம் என்று புரியாமல் விழித்து, தலையைத் திருப்பி ஓங்காளித்தார்.

கஜந்தினி அவர் வாயைத் துடைத்துவிட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. ஏன் அழுகிறாள் என்பதுபோல அவர் பார்த்தார். பிறகு வறண்ட உதட்டால் சிரிக்க முயன்றார்.

"உன்ரை எலியளும் எழும்பேக்கை இப்பிடித்தான் முழிக்குமோ, பிள்ளை?"

"ஓம் அப்பா," என்றாள்.

இதுவரை ஓர் எலியும் எழும்பியதில்லை. மயக்கத்தில் கிடக்கும்போதே வயிற்றைக் கீறி, ஈரலை எடுத்துவிடுவாள்.